இரண்டாவது கையெழுத்து

மார்ச் 3, செவ்வாய்

மாடியில் சத்தம் இல்லை. முதலில் உறுத்தியது அதுதான்.

என் படுக்கையறைக்கு நேர் மேலே எங்கள் கம்பெனியின் லேப். இவர், என் வீட்டுக்காரர், இருந்த காலத்திலிருந்தே அங்கே சோதனை ஓடினால் எனக்கு இங்கே தெரிந்துவிடும். மெஷினின் விசிறிகள் முதலில் முனகும், பிறகு இரையும். லோடு உச்சிக்குப் போகும்போது அலமாரிக் கண்ணாடி அதிரும். கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருக்கும் தண்ணீர் டம்ளர்கூட மெல்ல நகரும். இன்று காலையிலிருந்து பெரிய சோதனை ஓடியதாம். டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

மாலையில் மாப்பிள்ளை ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"அத்தை, நேரம் கிடைக்கும்போது பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

நேரம் கிடைக்கும்போது என்று சொன்னவர், பேனாவின் மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

வாடிக்கையாளர் செய்த கேட்வேக்கான ரிப்போர்ட் அது. ஊரில் உள்ள போன்களின் படம், பாட்டு, பேச்சு எல்லாம் அந்தப் பெட்டி வழியாகத்தான் இணையத்துக்குப் போய்த் திரும்பும். நம் மெஷின், நிஜத்தில் இல்லாத லட்சம் போன்களாக நடித்து அந்தப் பெட்டிமேல் பாக்கெட்டுகளை, அதாவது தகவல் துண்டுகளை, கொட்டும். எத்தனை போயின, எத்தனை வழியில் தொலைந்தன என்று எண்ணும். முதல் பக்கத்தில் இழப்பு பூஜ்யம். இரண்டாம் பக்கத்திலும் பூஜ்யம். கடைசிவரை பூஜ்யம்.

கான்வென்டில் எங்கள் கணக்கு சிஸ்டர், நூற்றுக்கு நூறு வாங்கியவளைத்தான் முதலில் எழுப்புவார். "போர்டுல வந்து போட்டுக் காட்டு" என்பார்.

நான் போடவில்லை.

மார்ச் 4, புதன்

இன்றும் போடவில்லை. பேனாவுக்கு மூடியைப் போட்டேன்.

மார்ச் 5, வியாழன்

முழங்கால் வலியைப் பார்க்காமல் மாடி ஏறினேன். லேபில் மூன்று பேர். மாப்பிள்ளை, என் மகள், பிறகு லேபைக் கவனித்துக்கொள்ளும் பெண். கேபிளை எல்லாம் பாம்பு படுத்த மாதிரி அழகாகச் சுற்றி வைப்பவள் என்பதால் என் மகள் அவளுக்கு வைத்த பெயர் சுருள்.

"ஏன் மாப்பிள்ளை, மெஷின் ஓடுதா, தூங்குதா?"

"ஓடுது அத்தை. முன்ன மாதிரி மூச்சு வாங்கறதில்ல, அவ்வளவுதான்."

விளக்கினார். பொறுமையாகத்தான் விளக்கினார், அதை மறுக்க முடியாது. முன்பெல்லாம் ஒரு பாக்கெட் மெஷினுக்குள் வந்தால், கர்னல் என்ற உள்ளறையில் அதைப் பிரித்து, சரிபார்த்து, நகலெடுத்து, மேலே நம் புரோகிராமிடம் அனுப்பும். ஒவ்வொன்றுக்கும் இந்த மரியாதை. லட்சம் போன் என்றால் மெஷின் திணறும், சிலதைத் தவறவிடும். இப்போது புது மெஷின், அதில் ஈ-பி.பி.எஃப். பெயரிலேயே ஈ மொய்க்கிறது. சின்னஞ்சிறு புரோகிராம் ஒன்றைக் கர்னலின் வாசலிலேயே நிறுத்திவிட்டார்களாம். பாக்கெட் வந்ததும் மேலுறையில் எந்தப் போனுடைய எண் என்று பார்க்கும், எண்ணிக்கொள்ளும், முடிந்தது. உள்ளே போக வேண்டியதே இல்லை. அதனால்தான் விசிறி சுற்றவில்லை.

"கண்டதையும் கர்னல் வாசல்ல நிக்க விடுமா?"

"விடாது அத்தை. அங்க ஒரு வெரிஃபையர் இருக்கு. புரோகிராமை வரிவரியா படிச்சு, கொஞ்சம் சந்தேகம் வந்தாலும் வெளிய தள்ளிடும். உங்கள மாதிரி."

சுருள் கேபிள் கட்டுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று தோள் சொன்னது.

"உங்க புரோகிராம் மெஷினைக் கெடுக்காம இருக்கான்னு அது பாக்குது. அது சொல்ற விடை சரியான்னு யார் பாக்கறது?"

"அதுக்குத்தான நீங்க இருக்கீங்க."

பாராட்டா, நக்கலா? அவர் முகத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். என் மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள், "அம்மா, அவங்க தினமும் போன் பண்றாங்க. இந்த ரிப்போர்ட் போகலன்னா அடுத்த வேலை நமக்கு வராது. தெரியுமில்ல?"

தெரியும். வாசல்படியில் நிற்பவர் எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லலாம். யார் எந்த நிலைமையில் வந்தார்கள் என்று சொல்ல முடியுமா? இறங்கும்போது இது தோன்றியது. அதற்குள் பாதிப் படி வந்துவிட்டேன். திரும்ப ஏற முழங்கால் சம்மதிக்கவில்லை.

மார்ச் 7, சனி

மாடிப்படியின் திருப்பத்தில் நின்று போன் பேசுபவர்கள், கீழே சமையலறை ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் வாடிக்கையாளர் கம்பெனி எஞ்சினியர். பார்த்ததில்லை. தொட்டிக்குள்ளிருந்து பேசுவது போன்ற கட்டைக்குரல்.

"அத்தை கையெழுத்துப் போட மாட்டாங்க சார்" என்றார் மாப்பிள்ளை. அலுத்துப்போன குரல். ரேஷன் கடையில் சர்க்கரை இல்லை என்று சொல்வார்களே, அந்த மாதிரி.

"இது என்ன சார் கம்பெனியா, கூட்டுக் குடும்பமா?"

மாப்பிள்ளை சிரித்தார். சிரித்துவிட்டுச் சொன்னார், "ரெண்டாவது கையெழுத்து தேவையில்லைன்னு உங்க பக்கத்துலேருந்து ஒரு மெயில் போட்டுடுங்களேன். மத்ததை நான் பாத்துக்கறேன்."

அடுப்பை அணைத்தேன்.

ரிப்போர்ட் வெளியே போக இரண்டு கையெழுத்து என்பது இவர் வைத்த விதி. ஒன்று சோதனை நடத்தியவருடையது. இன்னொன்று அந்தக் கருவியைக் கட்டாதவருடையது. சமைத்தவரே ருசி பார்த்துச் சர்டிபிகேட் கொடுக்கக் கூடாது என்பார். பெரிய கம்பெனிகள் இந்தச் சின்ன மாடியைத் தேடி வந்தது அந்த விதிக்காகத்தான். இவருக்குப் பிறகு அந்த இடம் எனக்கு வந்தது. பாவம் பார்த்துக் கொடுத்ததல்ல. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெஸ்ட் ரூம் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவள் நான்.

சோதனை சுத்தமாக இருந்தால் என்னை ஏன் ஒதுக்க வேண்டும்? எதை மறைக்கிறார்?

மார்ச் 8, ஞாயிறு

மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் புருஷன் பக்கம்தான் பேசுவாள். பேச வேண்டியதும்தான். அவர் இன்று எனக்காக மாத்திரை வாங்கி வந்தார். அட்டையைத் திருப்பித் தேதி பார்த்தே வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

இன்று நடந்ததை எழுதாமல் விட்டால் நாளை எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன்.

காலையில் சோதனை ஓடும்போதே மாடிக்குப் போனேன். மாப்பிள்ளை பின்னறையில் இருந்தார். மெஷினுக்குள் போய்வரும் பாக்கெட்டுகளைப் பிடித்து வரிசையாகக் காட்டும் ஒரு திரை உண்டு. இவர் காலத்தில் நான் மணிக்கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். சோதனை ஓடும்போது அதில் வரிகள் மழை மாதிரி கொட்டும். சுருளிடம் அதைத் திறக்கச் சொன்னேன்.

"எதுக்குங்கம்மா? அதுல ஒண்ணும்..."

"திற, சொல்றேன்."

திறந்தாள். வெறும் திரை. ஒரு வரிகூட இல்லை. பக்கத்துத் திரையில் மாப்பிள்ளையின் கவுன்ட்டர் கோடிகளில் பறந்துகொண்டிருந்தது.

ஜெயித்துவிட்ட உணர்வு இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

"மாப்பிள்ளை, கொஞ்சம் இங்க வாங்க" என்றேன். வந்தார். என் மகளும் வந்தாள். "இல்லாத போன் சரி. அது நம்ம தொழில். இல்லாத பாக்கெட்டையும் எண்ணிக் காட்டுவீங்களா?"

மாப்பிள்ளை நேரே கேட்வேயின் பின்பக்கம் போய்க் கேபிளைப் பிடுங்கினார். கவுன்ட்டர் அந்த நொடியே நின்றது. திரும்பச் செருகினார். ஓடியது. மறுபடி பிடுங்கினார். நின்றது.

"அந்தத் திரை கர்னலுக்கு உள்ள இருந்து பாக்குது அத்தை. நாங்க வாசல்லயே எண்ணிட்டுத் திருப்பி விட்டுடறோம். உள்ள வராததை அது எப்படிக் காட்டும்?"

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருக்கலாம்.

"இதைத்தான் சொல்ல வந்தேங்கம்மா" என்றாள் சுருள், தரையைப் பார்த்து.

என் மகள் படிவரை என்னோடு வந்தாள். கையைப் பிடிக்கவில்லை. "அப்பா போனதுலேருந்து நீ யாரைத்தான்மா நம்பியிருக்க? அவரை எல்லார் முன்னாலயும் திருடன்னு சொல்லிட்ட."

"திருடன்னு நான் சொல்லல."

"வேற எப்படிச் சொல்லுவாங்க?"

மார்ச் 10, செவ்வாய்

சாப்பிடப் பிடிக்கவில்லை. என்னத்த பாத்தேன், என்னத்த கேட்டேன்... வயசாயிடுச்சு, அவ்வளவுதான். டெஸ்ட் ரூமில் என் கீழ் வேலை செய்த பெண் ஒருத்தி இப்படிப் பார்க்காமல் பேசியிருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா?

ஆனால் அந்த மெயில்? அது பொய்யில்லையே. என் காதால் கேட்டேனே.

மார்ச் 11, புதன்

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஏன் என்று கேட்டால் நேராகச் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டை நம்பிப் போடவில்லை. என் மகள் காலையில் காபியை மேஜையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் மாடிக்குப் போனாள். அதற்காகப் போட்டேன். சந்தேகம் இருக்கும்போதே நான் போட்ட முதல் கையெழுத்து இது. எழுத்துகூட என்னுடையது மாதிரி இல்லை. கடைசி எழுத்தின் வால் வளையாமல் நின்றுவிட்டது.

மாப்பிள்ளை வாங்கிக்கொள்ள வந்தார். "தேங்க்ஸ் அத்தை" என்றார். இரண்டு நாளாக எங்களுக்குள் நடந்த முதல் பேச்சு. அத்துடன் விட்டிருக்கலாம். வாய் விடவில்லை.

"போன தடவை இதே பெட்டியைப் பழைய மெஷின்ல சோதிச்சோமே. அப்ப கொஞ்சம் இழப்பு வந்துதே, அது எங்க போச்சு?"

"பழைய மெஷின் மெதுவா இருந்துது அத்தை. அதால தாங்க முடியாம விட்டுது. கேட்வே மேல தப்பில்ல."

"லோடு அதிகமா இருந்தப்ப சரி. கம்மியா இருந்தப்பவும் போச்சே. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அன்னிக்கு என் டம்ளர் நகரவே இல்ல. மூச்சு வாங்காத மெஷின் எதுக்குத் தவற விடணும்?"

"பழசு அத்தை, அதான்" என்றார். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 12, வியாழன்

இந்நேரம் அனுப்பியிருப்பார்கள். யாரும் என்னிடம் சொல்லவில்லை. மாடியிலிருந்து யாரும் இறங்கவும் இல்லை. கொண்டாட்டமா?

மார்ச் 13, வெள்ளி

பகல் தூக்கத்திலிருந்து எழுந்தேன். விசிறிச் சத்தம்.

பழைய மெஷின். அந்த முனகலை எங்கே இருந்தாலும் சொல்லிவிடுவேன். நாலு பேர் சேர்ந்து தொண்டையைச் செருமுவது மாதிரி இருக்கும். இரைச்சலாக ஏறும் என்று காத்திருந்தேன். ஏறவில்லை. கம்மி லோடிலேயே ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. மாலைவரை அப்படியே.

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். "அப்புறம்மா" என்று மாடியிலிருந்து மகளின் குரல் மட்டும் வந்தது. அது கோபத்தில் வந்த குரல் இல்லை.

எதற்குப் பழையதை ஓட்டுகிறார்? என்னை வாயடைக்க இன்னொரு கேபிள் பிடுங்கும் வித்தையா?

மார்ச் 14, சனி

மாப்பிள்ளை வந்தார். சவரம் செய்யவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"இதை நான் அனுப்பல அத்தை."

நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கம்மி லோடுல ஏன் போச்சுன்னு கேட்டீங்கல்ல. பழசுன்னு பதில் சொன்னேன். மாடிப்படி ஏறும்போதே அது பதிலில்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

இரண்டு மெஷினையும் ஒரே கம்மி லோடில் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டியிருக்கிறார். புதியதில் பூஜ்யம். பழையதில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு. மெஷின் திணறியிருந்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பாக்கெட் தவற வேண்டும். இதில் தவறியவை எல்லாமே பெரிய பாக்கெட்டுகள். அவற்றை மட்டும் பிடித்துப் பிரித்துப் பார்த்திருக்கிறார். மேலுறை சரி. போன் எண் சரி. உள்ளே இருக்கும் பாக்கெட் சிதைந்திருந்தது. எல்லாம் சரியாக வந்ததா என்று பார்ப்பதற்காக ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் ஒரு கூட்டுத்தொகை எழுதியிருக்குமாம். அது பொருந்தவில்லை. கெடுத்தது கேட்வே.

பழைய மெஷினில் கர்னல் உறையைப் பிரித்து, கூட்டிப் பார்த்து, பொருந்தாததைக் குப்பையில் போட்டது. அதைத்தான் நாம் எல்லாரும் மெஷின் பழசு, அதனால் தவறவிடுகிறது என்று நினைத்தோம். நானும்தான் அப்படி நினைத்துப் போன ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். புதிய புரோகிராம் வாசலில் நின்று உறையை மட்டும் பார்த்தது. செத்தவனையும் வருகைப் பதிவில் ஏற்றிவிட்டது.

"நிஜ போனா இருந்தா?"

"தூக்கிப் போட்டுடும். படம் நின்னு நின்னு வரும். பேச்சு நடுவுல விழும். யாருக்கும் ஏன்னு தெரியாது."

ரிப்போர்ட்டைக் கிழித்தார். நேராக, நடுவில். என் கோணல் கையெழுத்தும் இரண்டானது. பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது.

பிறகு, போவதற்கு எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "இன்னொண்ணு. உங்க கையெழுத்து வேணாம்னு அவங்கள ஒரு மெயில் போடச் சொல்லியிருந்தேன் அத்தை. புதன்கிழமையே வந்துடுச்சு."

"தெரியும்."

"தெரியுமா?"

"படில நின்னு பேசினா கீழ கேக்கும்."

அவர் காது சிவந்தது. இந்தக் குடும்பத்தில் இத்தனை நாளில் அவர் முகத்தில் நான் சந்தேகமில்லாமல் படித்த முதல் விஷயம் அதுதான்.

நான் சொல்ல வேண்டியதும் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை பேசியதற்கு மன்னிப்பு. "சாப்பிட்டுப் போங்க" என்றுதான் வெளியே வந்தது. உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாம் தரம் கேட்டும் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 15, ஞாயிறு

சொன்னேன். மகள் முன்னாலும் சுருள் முன்னாலும். நாலு பேர் முன்னால் பேசியதைத் தனியாகத் திரும்ப வாங்கக் கூடாது. சுருள் விடுமுறையில் இருந்தாள், போன் போட்டு வரவழைத்தேன். மாப்பிள்ளை "பரவால்ல அத்தை, பரவால்ல" என்று ஜன்னலைப் பார்த்தார். சுருள்தான் அழுதாள். எதற்கு அவள் அழ வேண்டும் என்று தெரியவில்லை.

மார்ச் 18, புதன்

வாசலில் நிற்கும் அந்தச் சின்னப் புரோகிராமுக்கு இப்போது கூடுதலாக ஒரு வேலை. எல்லாவற்றையும் எண்ணும். ஆயிரத்தில் ஒன்றை மட்டும் தனியாக மேலே அனுப்பும். அங்கே பழைய முறைப்படி பிரித்து, கூட்டிப் பார்ப்பார்கள். ஏன் ஆயிரத்தில் ஒன்று, ஏன் நூற்றில் ஒன்று இல்லை என்று கேட்டேன். மாப்பிள்ளை ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மதியம் சோதனை ஓடியது. டம்ளர் நகரவில்லை. அதில் இருந்த தண்ணீர் மட்டும் லேசாக நடுங்கியது.

மார்ச் 20, வெள்ளி

கட்டைக்குரல் நேரிலேயே வந்துவிட்டார். ஆள் ஒல்லி. அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாடியில் பேசினார்கள். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நான் திறந்ததுதான்.

தங்கள் கேட்வேயில் குறை என்று எழுதப்போகும் ரிப்போர்ட்டை அவர் ஏற்கத் தயாராக இல்லை. போனில் முன்பே சொல்லியிருந்த பூஜ்ய ரிப்போர்ட்டே போதும் என்றார். அடுத்த வேலைகளை வேறு இடத்துக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். பெட்டியைச் சரிசெய்ய எத்தனை மாதம் ஆகும் தெரியுமா என்றார். என் மகள் ஏதோ சொல்ல ஆரம்பித்து நிறுத்தினாள்.

பிறகு மாப்பிள்ளையின் குரல். அலுப்பு இல்லை, சிரிப்பும் இல்லை.

"அத்தை கையெழுத்துப் போட மாட்டாங்க சார்."

"அதான் வேணாம்னு மெயில் போட்டாச்சே."

"உங்களுக்கு வேணாம் சார். எங்களுக்கு வேணும்."

பிறகு நாற்காலி இழுபடும் சத்தம், படியில் செருப்புச் சத்தம். ஒல்லி ஆள் கூடத்தில் என்னைக் கடந்தபோது நின்று பார்த்தார். வணக்கம் சொன்னேன். பதில் வணக்கம் சொன்னார். வேறு வழியில்லை அவருக்கு.

அடுத்த வேலை வருமா, வராதா, தெரியாது. மகள் கணக்கு எதுவும் பேசாமல் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு தடவை துடைத்ததையே துடைக்கிறாள். ஆனால் நடுவில் என் பக்கம் திரும்பி, "ஜன்னலைச் சாத்தும்மா, கொசு வருது" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

விளக்கேற்றும் நேரத்தில் மாப்பிள்ளை புதிய ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பக்கத்தில் பேனா. மூடி போட்டிருந்தது.